பத்தாவது ஆள்: புனே யூதர்களின் துக்கமும் அதன் எண்ணிக்கையும்

புனே கேம்ப் பகுதியில் சிவப்புச் செங்கல்லால் எழுந்து நிற்கும் ஓஹெல் டேவிட் ஜெப ஆலயத்தை ஊர்மக்கள் 'லால் தேவூள்' என்றே அழைக்கின்றனர். மராத்தியில் 'சிவப்புக் கோயில்' என்று பொருள். கோத்திக் பாணிக் கோபுரத்தையும் அதிலுள்ள கடிகாரத்தையும் முதன்முறை காண்போர் அதனைக் கிறித்தவத் தேவாலயம் என்றே கருதுவர். 1863-இல் தொடங்கிய கட்டுமானம் 1867-இல் நிறைவுற்றது. அதற்குப் பொருள் கொடுத்தவர், பாக்தாதிலிருந்து பம்பாய்க்கு வந்து வணிகத்தில் பெருஞ்செல்வம் ஈட்டிய டேவிட் சசூன். 1864 நவம்பரில் அவர் புனேயிலேயே காலமானார். தாம் எழுப்பிய ஆலயம் நிறைவுறுவதை அவர் காணவில்லை. அவருடைய கல்லறை மண்டபம் அதே வளாகத்தில் இருக்கிறது.

இந்த அண்மை சற்று வியப்புக்குரியது. யூத மரபில் பிணத்தீட்டு கடுமையானது. ஆரோனின் வழிவந்த 'கோஹேன்' எனப்படும் குருகுலத்தார் கல்லறைகளை நெருங்குவதே இல்லை. எனவே இடுகாட்டை வாழிடத்துக்கும் தொழுமிடத்துக்கும் அப்பால் அமைப்பதே வழக்கம். லால் தேவூளிலோ இரண்டும் சில அடிகள் இடைவெளியில் நிற்கின்றன. அங்கே செல்லும்போதெல்லாம் ஒரு கேள்வி எழும்: ஒரு யூதக் குடும்பத்தில் நேரும் சாவு, கல்லறையிலிருந்து ஜெப ஆலயத்துக்கு எவ்வாறு வந்து சேர்கிறது? மரபு தரும் விடை மிக எளியது: பத்துப் பேர் வழியாக. அந்தப் பத்துப் பேரில் யார் யார் அடங்குவர் என்ற கேள்வியைப் பின்தொடர்ந்தாலே, மேற்கிந்திய யூதர்களின் இருநூறாண்டு வரலாற்றின் பெரும்பகுதியைப் படித்துவிடலாம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் சொற்களிலிருந்து தொடங்குகிறேன்.

மரணத்துக்குப் பிந்தைய காலத்தை நம் மொழிகள் எண்களால் பெயரிடுகின்றன. தமிழில் 'பதினாறாம் நாள்' என்றால் விளக்கம் தேவையில்லை. மராத்தியில் 'தஹாவா' (பத்தாம் நாள்), 'தேராவா' (பதின்மூன்றாம் நாள்) என்பன சடங்கின் பெயர்களாகவே ஆகிவிட்டன. எபிரேயமும் அவ்வாறே. அடக்கத்துக்குப் பிந்தைய முதற்கட்டத் துக்கத்துக்கு 'ஷிவா' என்று பெயர். இந்தியக் காதுக்கு அது சிவபெருமானின் பெயராக ஒலிக்கும். ஆனால் அதன் பொருள் 'ஏழு' என்பதே. அதைத் தொடர்வது 'ஷெலோஷிம்', அதாவது 'முப்பது'. தந்தைக்கோ தாய்க்கோ மட்டும் துக்கம் பன்னிரண்டு மாதம் நீள்கிறது. உடன்பிறந்தார், மனைவி, கணவர், பிள்ளைகள் ஆகியோருக்கு முப்பதாம் நாளோடு முறைப்படியான துக்கம் முடிகிறது. துயரத்துக்கு எல்லையில்லை, ஆனால் துக்கம் காத்தலுக்கு எல்லை உண்டு என்பதே இவ்வெண்களின் உட்பொருள்.

உயிர் பிரிந்ததற்கும் அடக்கத்துக்கும் இடைப்பட்ட பொழுதில் துக்கத்துக்குரியவர் 'ஓனேன்' எனப்படுகிறார். அன்றாட வழிபாட்டுக் கடமைகளிலிருந்து அவருக்கு விலக்கு உண்டு. பிணத்தை உரிய முறையில் அடக்கம் செய்வதே அவருடைய ஒரே கடமை. உடலைக் கழுவித் தூய்மைப்படுத்தி, எளிய வெண்துணி உடுத்தி, இயன்றவரை விரைவில் மண்ணில் சேர்ப்பர். செல்வருக்கும் வறியவருக்கும் ஒரே வகை வெண்துணி என்பது நெடுங்கால விதி. நெருங்கிய உறவினர் தம் மேலாடையைக் கிழித்துக்கொள்வர். பெற்றோருக்கானால் இதயத்தின் பக்கமாகிய இடப்புறத்தில், ஏனையோருக்கானால் வலப்புறத்தில் அக்கிழிசல் அமையும்.

அடக்கம் முடிந்து வீடு திரும்பியவர் உண்ணும் முதல் உணவு அவருடைய சொந்த உணவாக இருத்தலாகாது; அண்டை அயலார் கொண்டுவர வேண்டும். சாவு வீட்டில் அடுப்பு எரியாது என்று அறிந்த தமிழருக்கு இது அந்நியமாகத் தோன்றாது. அவ்வுணவில் முட்டை, பருப்பு முதலிய உருண்டையானவை இடம்பெறும். ஆதியாகமத்தில் யாக்கோபு சமைத்த பருப்புக் கூழ், பாட்டனார் ஆபிரகாமின் மறைவுக்குத் துக்கம் காத்த தம் தந்தை ஈசாக்குக்காகச் சமைத்தது என்று தல்மூத் விளக்குகிறது. அதற்கு இரண்டு காரணங்களையும் கூறுகிறது. பருப்பு சக்கரம்போல் வட்டமானது. துக்கமும் உலகில் சுழன்று ஒவ்வொரு வீட்டுக்கும் வரும். பருப்புக்கு வாய் இல்லை. துக்கத்தில் இருப்பவருக்கும் வாய் இல்லை.

இந்த 'வாயின்மை' ஷிவா நாட்களின் நடைமுறையில் தெளிவாக வெளிப்படும். துக்க வீட்டார் தாழ்வான இருக்கையிலோ தரையிலோ அமர்வர்; தோல் காலணி அணியார்; தொழிலுக்குச் செல்லார். கேதம் விசாரிக்க வருபவர், துக்கத்தில் இருப்பவர் முதலில் பேசும்வரை தாம் பேசாதிருக்க வேண்டும். யோபுவின் நண்பர்கள் அவரருகே ஏழு நாள் பேசாமல் தரையில் அமர்ந்திருந்த நிகழ்வு இதற்கு முன்மாதிரி. வழக்கமான 'ஷாலோம்' வாழ்த்தும் கூறப்படுவதில்லை. நம் ஊர்களில் சாவு வீட்டிலிருந்து 'போய் வருகிறேன்' என்று சொல்லாமல் வெளியேறுவதை இதனோடு ஒப்பிடலாம். இரு பண்பாடுகளிலும், அன்றாட உரையாடலின் மிக இயல்பான சடங்குச்சொல் விலக்கப்படுவதன் மூலமே மரணம் அறிவிக்கப்படுகிறது.

ஆனால் அந்த மௌனமான வீட்டில் நாள்தோறும் ஒரு சொல் உரக்க ஒலித்தாக வேண்டும். அதுவே 'கதீஷ்'.

கதீஷ் எபிரேயத்தில் அமைந்ததன்று. பெரும்பாலும் அரமேயத்தில் அமைந்தது. ஒரு காலத்தில் மக்கள் பேசிய மொழி அது. 'புனிதப்படுத்தல்' என்பது பெயரின் பொருள். இறைவனின் திருப்பெயர் பெருமையும் புனிதமும் அடைவதாக என்று வேண்டும் அம்மன்றாட்டில் சாவு பற்றி ஒரு சொல்லும் இல்லை. இறந்தவரின் பெயரும் இல்லை. நம் ஒப்பாரியோடு இதனை ஒப்புநோக்கினால் வேறுபாடு விளங்கும். ஒப்பாரி இறந்தவரை விளித்து, அவர் பெருமையைச் சொல்லி, அவரில்லாத வெறுமையைச் சொல்லி அழுகிறது. கதீஷோ இறந்தவரை விளிப்பதே இல்லை. அது முதலில் வேத பாடத்தின் முடிவிலும் வழிபாட்டின் இடையிலும் ஓதப்பட்டதே. துக்கத்தில் இருப்பவர் அதனை ஓதும் வழக்கம் நடுக்கால ஐரோப்பாவில், ஜெர்மானிய நிலப்பகுதி யூதர்களிடையே உருப்பெற்று, 13ஆம் நூற்றாண்டு நூல்களில் பதிவாகி, பின்னர் யூத உலகெங்கும் பரவியது.

மொழியியல் நோக்கில் கதீஷின் உயிர்நாடி ஓதுபவரின் சொல்லில் இல்லை. கேட்பவரின் விடையில் இருக்கிறது. ஒருவர் ஓத, மற்றவர் 'ஆமென்' என்றும், திருப்பெயர் என்றென்றும் வாழ்த்தப்பெறுவதாக என்றும் விடையளிக்க வேண்டும். சில கூற்றுகள் செய்தி சொல்வதில்லை, செயலையே நிகழ்த்துகின்றன என்றும், அவற்றுக்குரிய சூழல் நிறைவுறாவிடில் அச்செயல் நிகழவே நிகழாது என்றும் ஜே. எல். ஆஸ்டின் கூறியதை மொழியியல் மாணவர் அறிவர். கதீஷ் அத்தகைய கூற்று. அதன் இன்றியமையாத சூழல் 'மின்யான்', அதாவது பத்துப் பேர் கூடிய அவை. 'எண்ணுதல்' என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த சொல் அது. மரபுவழிச் சட்டப்படி பதின்மூன்று வயது நிறைந்த ஆண்கள் பத்துப் பேர் இருந்தாக வேண்டும். ஒன்பது பேர் இருந்தால் மன்றாட்டு இல்லை. பிணத்தை ஒருவர் அடக்கம் செய்துவிடலாம். வீட்டில் விளக்கேற்றித் தனியே அமர்ந்திருக்கலாம். கதீஷை மட்டும் தனியே சொல்ல இயலாது. பெற்றோருக்காக ஒருவர் பதினொரு மாதம் அதனை ஓத வேண்டும் என்பது பரவலான வழக்கம். தீயோரின் ஆன்மா தீர்ப்புக்குள்ளாகும் காலம் பன்னிரண்டு மாதம் என்பது பழங்கருத்து. முழு ஆண்டும் ஓதினால் தம் பெற்றோரைத் தீயோர் என்று கருதியதாகிவிடும் என்பதால் ஒரு மாதம் குறைத்தனர். ஆகவே, துக்கத்தில் இருக்கும் ஒருவருக்குப் பதினொரு மாதம் ஒன்பது பேர் தேவைப்படுகின்றனர்.

இனிக் கொங்கணக் கரைக்கு வருவோம். மகாராஷ்டிர யூதர்களுள் பெரும்பான்மையோர் 'பெனே இஸ்ரேல்' எனப்படுவோர்; மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். செக்காட்டி எண்ணெய் எடுப்பது இவர்களின் பழந்தொழில். சனிக்கிழமை செக்கை நிறுத்தியதால் ஊரார் இவர்களை 'ஷனிவார் தேலி', அதாவது சனிக்கிழமைச் செக்கார் என்றனர். தம் முன்னோர் வந்த கப்பல் அலிபாகுக்கு அருகே நவ்காவ் கரையோரம் உடைந்தது, ஏழு ஆண்களும் ஏழு பெண்களும் மட்டுமே பிழைத்தனர், கரையொதுங்கிய உடல்களை ஆண்களுக்கு ஒன்றும் பெண்களுக்கு ஒன்றுமாக இரு மேடுகளில் புதைத்தனர் என்பது இவர்களின் வழிவழிக் கதை. இதனை வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும், ஒரு சமூகம் தன் தோற்றத்தை ஓர் அடக்கத்திலிருந்து தொடங்குவது கருதத்தக்கது. அந்தக் கதையில் பிழைத்த ஆண்கள் எழுவரே. அந்த முதல் சாவுக்குப் பத்துப் பேர் இல்லை.

ஏனைய யூத உலகோடு தொடர்பின்றி நெடுங்காலம் வாழ்ந்த பெனே இஸ்ரேலர், எபிரேய நூல்களை இழந்தபோதும் ஓய்வுநாளையும் விருத்தசேதனத்தையும் உணவு விலக்குகளையும் 'ஷெமா' என்னும் நம்பிக்கை அறிக்கையையும் காத்து வந்தனர். அவர்களின் திருநாட்கள் மராத்திப் பெயர் பூண்டன. இங்கே ஒரு பெயர் நம் பொருளோடு நேரடியாகத் தொடர்புடையது. எருசலேம் ஆலயத்தின் அழிவுக்காக உலக யூதர் அனைவரும் துக்கம் காக்கும் ஆவ் மாத ஒன்பதாம் நாளை இவர்கள் 'பிர்ட்யாச்சா ஸண்' என்றனர். 'பிர்டே' என்பது வால் எனப்படும் அவரையினப் பயற்றை முளைகட்டித் தோலுரித்துச் செய்யும் கொங்கணக் குழம்பு. ஆலயத்தின் பெயர் மறைந்து, துக்கநாள் உணவின் பெயர் நிலைத்தது. தல்மூத் கூறும் துக்கப் பருப்பின் நேரடி எச்சமே இது என்று முடிவு கட்டுவதற்கில்லை. எனினும் நூல் மறந்த இடத்தில் சமையல் நினைவு வைத்திருந்தது என்பதை மறுக்கவும் இயலாது.

மற்றொரு பெயர் 'ஷிளா ஸண்'. யோம் கிப்பூர் நோன்புக்கு மறுநாள் அது. மராத்தியில் 'ஷிளா' என்றால் பழையது, ஆறிப்போனது. நாம் 'பழையது' என்று சோற்றைக் குறிப்பதைப் போன்றது. நோன்பையொட்டி முன்னோரின் ஆன்மாக்கள் வீட்டுக்கு வந்து, இந்நாளில் விடைபெறுவதாக நம்பினர் என்று பெனே இஸ்ரேல் வரலாற்றாசிரியர் ஹாயீம் சாமுவேல் கெஹிம்கர் முதலியோர் பதிவு செய்துள்ளனர். அவருடைய ஆங்கில நூல் 1897-இல் எழுதப்பட்டு 1937-இல் டெல் அவீவில் அச்சானது. யோம் கிப்பூர் வருவது மகாராஷ்டிரத்தில் பித்ரு பட்சம் கடைப்பிடிக்கப்படும் பருவத்தையொட்டியே. அண்டை வீட்டார் தென்புலத்தாருக்குப் படைக்கும் நாட்களுக்கு அருகே தாமும் முன்னோரை வழியனுப்பிய அச்சமூகத்தைக் 'கலப்பு' என்றோ 'வழுவல்' என்றோ சுருக்கிவிட முடியாது. பொதுவான பருவம் ஒன்றில் இரு மரபுகள் தத்தம் இறந்தோரை நினைத்தன.

கதீஷ் உள்ளிட்ட முழு வழிபாட்டு முறை இவர்களிடம் மீண்டும் வேரூன்றியது பின்னரே. பம்பாயில் முதல் ஜெப ஆலயம் 1796-இல் எழுந்தது. கொச்சியிலிருந்து வந்த யூத ஆசிரியர்கள் ஓதும் முறையைக் கற்பித்தனர். ஸ்காட்லாந்து மறைப்பணியாளர் ஜான் வில்சன் எபிரேய இலக்கணத்தை மராத்தியில் எழுதி 1832-இல் வெளியிட்டார். மதமாற்றம் வில்சனின் நோக்கம். ஆனால் பெனே இஸ்ரேலர் இலக்கணத்தை எடுத்துக்கொண்டு யூதர்களாகவே நீடித்தனர். பின்னர் ஜோசப் எசேக்கியேல் ராஜ்பூர்கர் எபிரேய வழிபாட்டு நூல்கள் பலவற்றை மராத்தியில் பெயர்த்தார். பாஸ்கா இரவில் ஓதும் 'ஹகாதா' எபிரேயமும் மராத்தியுமாக 1874-இல் புனேயில் அச்சானது. ஆக, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு பெனே இஸ்ரேல் மகன் தன் தந்தைக்காக அரமேயத்தில் கதீஷ் ஓதி, அதன் பொருளை மராத்தியில் அறிந்துகொள்ளவும் முடிந்தது. மொழி கிடைத்துவிட்டது. அவன் யாரோடு சேர்ந்து ஓதலாம் என்பதே சிக்கலாயிற்று.

சசூன் குடும்பத்தாரைப் போன்ற பக்தாதி யூதர்கள் தொடக்கத்தில் பெனே இஸ்ரேலரின் ஆலயத்திலேயே தொழுதனர். அவர்களின் இடுகாட்டிலேயே தம்மவரைப் புதைத்தனர். எண்ணிக்கையும் செல்வமும் பெருகியபோது விலகினர். 1836-இலேயே, பம்பாய் இடுகாட்டில் இரு சாராரின் கல்லறைகளுக்கிடையே பிரிப்புச் சுவர் வேண்டும் என்று பக்தாதியர் அரசிடம் முறையிட்டனர். பெனே இஸ்ரேலரின் மணமுறிவு, மறுமண வழக்கங்கள் யூதச் சட்டத்துக்கு இசைந்தவை அல்ல, அவர்களின் குலத்தூய்மை ஐயத்துக்குரியது என்பன வெளிப்படையாகச் சொல்லப்பட்ட காரணங்கள். சாதி வேரூன்றிய மண்ணிலும் வெள்ளையராட்சியின் தரவரிசையிலும் 'இந்தியர்' என்று எண்ணப்படுவதால் விளையும் இழப்பு சொல்லப்படாத காரணம். இதன் விளைவுகளுள் ஒன்று, பக்தாதியர் பலர் பெனே இஸ்ரேலரை மின்யான் எண்ணிக்கையில் சேர்க்க மறுத்தது. ஒன்பது பக்தாதியர் கூடியிருக்க, பத்தாவதாக ஒரு பெனே இஸ்ரேலர் நின்றாலும் அவை நிறைவுறாது என்பதே இதன் பொருள். துக்க வீட்டில் இதனைச் சொல்வது எத்தகைய சொல் என்று எண்ணிப் பார்க்கலாம்.

இச்சிக்கல் நீதிமன்றம் வரை சென்றது. ரங்கூன் ஜெப ஆலயத்தில் தமக்குள்ள உரிமைக்காகப் பெனே இஸ்ரேலர் வழக்குத் தொடுத்து, 1935-இல் உயர் நீதிமன்றத்தில் வென்றனர். இஸ்ரேலில் குடியேறிய பின்னரும் 1962-இல் அங்குள்ள தலைமை ராபிகள், பெனே இஸ்ரேலர் மணம் புரியுமுன் வம்சாவளியை ஆராய வேண்டும் என்று பணித்தனர். அதை எதிர்த்த நெடும் போராட்டத்தின் பின், பெனே இஸ்ரேலர் எவ்வகையிலும் முழுமையான யூதரே என்று 1964-இல் இஸ்ரேலிய நாடாளுமன்றம் உறுதிப்படுத்தியது. எண்ணப்படுவதற்கு ஒரு சமூகத்துக்கு ஏறத்தாழ நூற்று முப்பது ஆண்டுகள் தேவைப்பட்டன. மரபுவழி அவைகளில் பெண்கள் இன்றும் அந்தப் பத்துக்கு வெளியேதான் நிற்கின்றனர் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். தாயை இழந்த மகள் துக்கம் காக்கலாம், எண்ணிக்கையை நிறைக்க இயலாது. சீர்திருத்தப் பிரிவுகள் மட்டுமே இதனை மாற்றியுள்ளன.

புனேயில் இப்பிரிவினையின் தடம் கட்டடங்களாகவே நிற்கிறது. கேம்ப்பில் பக்தாதியரின் ஓஹெல் டேவிட். ராஸ்தா பேட்டையில் பெனே இஸ்ரேலருக்காக 1921-இல் எழுந்த சுக்கத் ஷெலோமோ. இந்திய விடுதலையின்போது ஏறத்தாழ இருபதாயிரமாக இருந்த பெனே இஸ்ரேலருள் பெரும்பாலோர் அடுத்த சில பத்தாண்டுகளில் இஸ்ரேலுக்குச் சென்றனர். பக்தாதியரோ பிரிட்டன், ஆஸ்திரேலியா முதலிய நாடுகளுக்குப் பெயர்ந்து இந்தியாவில் ஏறக்குறைய மறைந்தே விட்டனர். இதன் விளைவு: இன்று லால் தேவூளில் தொழுவோருள் பெரும்பாலோர் பெனே இஸ்ரேலரே. முன்பு எண்ணப்படாதவரின் பேரர்களே, எண்ண மறுத்தவர்களின் ஆலயத்தில் பத்தை நிறைக்கின்றனர். சில அடி தொலைவில் டேவிட் சசூன் உறங்குகிறார். இடுகாட்டுக்குச் சுவர் கேட்ட வரலாற்றுக்கு இதைவிடத் தெளிவான மறுமொழி கிடைப்பது அரிது.

தமிழ் வாசகருக்கு அண்மையான இரு சான்றுகளோடு முடிக்கிறேன். கேரளத்தின் சேந்தமங்கலத்தில், இஸ்ரவேலின் மகள் சாராவுக்கு 1269-இல் நாட்டிய எபிரேயக் கல்லறைக்கல் இருக்கிறது. இந்தியாவில் கிடைத்த மிகப் பழைய எபிரேயக் கல்வெட்டு அதுவே என்பர். சென்னையில் பவளக்காரத் தெரு என்னும் பெயரிலும், லாயிட்ஸ் சாலையிலுள்ள சிறு இடுகாட்டின் 17ஆம் நூற்றாண்டுக் கல்லிலும், வைரம் வாங்கவும் பவளம் விற்கவும் வந்த யூத வணிகரின் நினைவு எஞ்சியிருக்கிறது. கல்லுக்கு அவை வேண்டியதில்லை. எழுநூறு ஆண்டுகள் அது தனியே நிற்கும். ஆனால் சென்னையில் அக்கல்லின் முன் கதீஷ் ஓத இன்று பத்துப் பேரை வேறு ஊர்களிலிருந்தே வரவழைக்க வேண்டும். சிறுபான்மைச் சமூகம் ஒன்று தேய்வதை நாம் வழக்கமாக மக்கள்தொகைக் கணக்கில் அளக்கிறோம். பாழடைந்த கட்டடங்களில் காண்கிறோம். அதற்கு முன்பே, ஒரு துக்க வீட்டில் ஒன்பது பேர் கூடி, பத்தாவது ஆளுக்காகக் கதவைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கும் மாலையில் அத்தேய்வு தொடங்கிவிடுகிறது.

தமிழில் 'எண்ணுதல்' என்பதற்குக் கணக்கிடுதல், நினைத்தல் என இரு பொருள் உண்டு.  இறந்தவரை எண்ண வேண்டுமானால் உயிரோடிருப்பவரை எண்ணியாக வேண்டும் என்று வகுத்த மரபுக்கு, இந்தத் தமிழ்ச்சொல் நன்றாகவே பொருந்துகிறது. புனேயில் நான் கற்றது அதுதான். ஒரு சமூகம் தன் துக்கத்தில் யாரை எண்ணுகிறது, யாரை விடுகிறது என்பது அதன் மெய்யான எல்லைக்கோடு. நம் ஊர் இடுகாடுகளிலும் சுடுகாடுகளிலும் நிற்கும் சுவர்களைக் குறித்தும் இதே கேள்வியைக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.